மலை நோக்கி முதல் அடி

ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று காவிரிக் கரையில் ஜனங்கள் புதுப்புனலுக்குப் பூஜை செய்துகொண்டிருக்கும் அதே வேளையில், ஆற்றில் வெள்ளம் புரள்வதை அபூர்வமாகவே காணும் சிவகாசியில், அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களை வெளியிடுவது நெடுநாளைய வழக்கம். அன்று தொடங்கும் வேலை, சர்க்காரின் பொது விடுமுறைப் பட்டியல் வந்து சேர்ந்ததும் மும்முரமடைந்து, ராகு காலம், எமகண்டம், அமாவாசை, பண்டிகை, அரசு விடுமுறை ஆகிய சகலத்தையும் தினசரித் தாள்களாகத் தமிழ்நாட்டு வீடுகளின் சுவர்களுக்குக் கொண்டு சேர்க்கிறது. ஒரு சமூகம் தன் வேலையை நிறுத்திவிட்டு நினைக்கத் தக்கவை என்று எந்த நாட்களைக் கருதுகிறது என்பதற்கு, அந்தத் தாள்களில் சிவப்பாக அச்சாகும் எண்களைவிடத் தெளிவான சாட்சியம் கிடையாது. தெய்வங்களுக்கு நாள் உண்டு. தேசத்துக்கு நாள் உண்டு. உழைப்பாளிக்கு மே மாதத்தின் முதல் நாள் உண்டு. திருவள்ளுவருக்கும் உழவருக்கும் தை மாதத்தில் அடுத்தடுத்து நாட்கள் உண்டு. இந்நாட்டு மலைகளில் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் பழங்குடி மக்களுக்கும், சமவெளியில் பெருகி வாழும் நமக்கும் இடையே நேர்ந்துவிட்ட அநீதிகளை நினைத்துப் பார்த்து, அவற்றுக்குப் பரிகாரம் தேடும் நாள் ஒன்றுதான் இன்றுவரை இல்லை.

அத்தகைய நாள் ஒன்று வேண்டும் என்பதும், அது எந்த நாளாக இருக்கலாம் என்பதும், அந்நாளில் யார் யாரைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதும் இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் விஷயங்கள்.

கரிசலுக்கு மேற்கே

சாத்தூர் வட்டாரத்தைச் சேர்ந்த அச்சங்குளத்தின் பெயரை வெளியூர்க்காரர்கள் பலரும் அறிந்தது 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதியன்று அங்கே ஒரு பட்டாசு ஆலையில் நேர்ந்த கோர வெடிவிபத்தினால்தான். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் அதில் பலியாயின. மழையை நம்பி விதைத்து, மழை பொய்த்த ஆண்டுகளில் தீப்பெட்டியையும் பட்டாசையும் அச்சுத் தொழிலையும் நம்பிப் பிழைக்கும் இந்த வானம் பார்த்த கரிசல் பூமியின் மக்களுக்கு, துக்கம் என்பது நிவாரண அறிவிப்புடன் முடிந்துபோவதில்லை என்பதும், பத்திரிகைகள் மறந்த பின்னும் அது வீடுகளுக்குள் வாழ்ந்துகொண்டிருக்கும் என்பதும் பிறர் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. ஆகையால், மலையில் வாழும் வேறொரு ஜனக்கூட்டத்தின் மறக்கப்பட்ட துயரத்தைப் பற்றி முதலில் இவர்களிடம் பேசுவது பொருத்தமே.

கரிசலுக்கும் மலைக்கும் உள்ள சம்பந்தம் நாம் சாதாரணமாக எண்ணுவதைவிட நெருக்கமானது. வெம்பக்கோட்டையையும் சாத்தூரையும் கடந்து மன்னார் வளைகுடாவை அடையும் வைப்பாறு, மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவுகளில் பிறப்பது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய ஊர்களுக்கு மேற்கே சுவராக எழும் அந்த மலைத்தொடர் 1988-ல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாகவும், மேகமலையையும் சேர்த்து 2021-ல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆடி அமாவாசையன்று தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறிச் சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்கும் பக்தர் கூட்டத்தை இவ்வட்டாரத்தார் அனைவரும் அறிவர். அணிலையும் புலியையும் ஆண்டவனையும் அறிந்திருக்கும் நாம், அதே மலையின் அடிவாரங்களிலும் சரிவுகளிலும் தேனும் கிழங்கும் கடுக்காயும் நெல்லியும் சேகரித்து வாழ்ந்துவந்த பளியர் என்னும் பழங்குடியினரைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டால், மௌனமே பதிலாகும்.

சச்சரவை விட்டு விலகுவோர்

1960-களில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் பளியர்களிடையே தங்கி அவர்களுடைய வாழ்க்கையை ஆராய்ந்தார். அவர் கண்டு எழுதியவற்றுள் உலகத்து அறிஞர்களின் கவனத்தை மிகவும் ஈர்த்தது, அம்மக்களின் சண்டை தவிர்க்கும் சுபாவம். ஒருவர் மற்றொருவருக்கு மேலானவர் என்று காட்டிக்கொள்வதை அவர்கள் விரும்புவதில்லை. ஒருவரை மற்றொருவர் அவமதிப்பதைப் பெரும் பிழையாகக் கருதுகிறார்கள். வாய்ச்சொல் தடித்து மனஸ்தாபம் முற்றும்போது, பதிலுக்குப் பதில் பேசாமல் ஒருவர் எழுந்து விலகிச் சென்றுவிடுகிறார். தேவைப்பட்டால் மூன்றாமவர் ஒருவர் சாந்தமான வார்த்தையாலோ வேடிக்கைப் பேச்சாலோ இருவர் உள்ளத்தையும் குளிரச் செய்கிறார். தண்டனை விதிக்கும் அதிகாரம் எவரிடமும் இல்லாத ஒரு சிறு சமூகம் தன்னைக் குலையாமல் காத்துக்கொண்ட வழி இது.

மிகவும் உயர்ந்ததான இந்தக் குணமே சமவெளியாரோடு ஏற்பட்ட உறவில் அவர்களுக்குப் பெரும் பாதகமாயிற்று. அதிகாரியும் குத்தகைதாரரும் வியாபாரியும் மிரட்டியபோது, பளியர் கலகம் செய்யவில்லை, ஆயுதம் எடுக்கவில்லை, மனு எழுதவில்லை, காட்டின் உள்ளே இன்னும் சற்றுத் தூரம் தள்ளிச் சென்றார்கள். கலகம் செய்தவர்களைப் பற்றிச் சரித்திரம் பக்கம் பக்கமாக எழுதுகிறது. விலகிச் சென்றவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. எழுதப்படாத காரணத்தினாலேயே அவர்களுக்குக் குறை ஏதும் இல்லை என்றும், நடந்தவற்றுக்கெல்லாம் அவர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்றும் நாம் எண்ணிக்கொண்டோம்.

இந்த இடத்தில்தான் இக்கட்டுரையின் மையக் கருத்து இருக்கிறது. இழைக்கப்பட்ட தீமைக்கு விலகிச் செல்வதன் மூலமே பதில் சொல்லும் மக்களிடம், நீங்கள் வந்து முறையிடுங்கள், அதன்பின் யோசிக்கிறோம் என்று சொல்வது நியாயமன்று. விலகிச் சென்றவரைத் தேடிப் போக வேண்டிய கடமை, விலகும்படி செய்தவருடையது. சமாதானத்தின் முதல் அடியைச் சமவெளியே எடுத்து வைக்க வேண்டும்.

சட்டம் ஒப்புக்கொண்ட அநீதி

அநீதி என்று சொல்வது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்குக் காடுகளாக வரையறுத்தபோது, எழுத்தில் பதிவாகாத உரிமை எதுவும் உரிமையாகக் கணிக்கப்படவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கிழங்கு தோண்டிய இடத்தில் கிழங்கு தோண்டுவதும், தகப்பன் தேன் எடுத்த பாறையில் மகன் தேன் எடுப்பதும் அனுமதி வேண்டும் காரியங்களாயின. அனுமதி இல்லாவிட்டால் குற்றங்களாயின. சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த ஏற்பாடு அதன் சாராம்சத்தில் மாறவில்லை. தங்கள் வீட்டிலேயே அத்துமீறி நுழைந்தவர்களாக மலைவாழ் மக்கள் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள்.

2006-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம், தன் முகவுரையிலேயே, இம்மக்களுக்குச் சரித்திர ரீதியான அநீதி இழைக்கப்பட்டது என்பதை ஒப்புக்கொண்டது. குற்றத்தை ஒரு ராஜாங்கம் தன் சட்டத்தின் வாசலிலேயே எழுதிவைப்பது சாமானிய விஷயமல்ல. 2005 டிசம்பர் 13-ஆம் தேதிக்கு முன்னிருந்து சாகுபடி செய்துவந்த வன நிலத்துக்குக் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை, சிறு வனப் பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை, காட்டைக் காக்கும் பொறுப்பில் கிராம சபைக்குப் பங்கு எனப் பலவற்றை அச்சட்டம் வழங்கியது. ஆனால் தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையினால் 2008-லிருந்து 2016 வரை பட்டா வழங்கும் காரியம் தடைப்பட்டுக் கிடந்தது. தடை நீங்கிய பின்னும் காகிதத்தில் உள்ள உரிமை கைக்கு எட்டும் வேகம் போதவில்லை. புலிகள் காப்பகம் அமைந்த இடங்களில் உரிமைகளை முதலில் அங்கீகரித்த பிறகே, அதுவும் மக்களின் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரிலேயே, இடமாற்றம் பற்றிப் பேசலாம் என்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே உள்ள விதி. அந்த விதி அடிவாரத்துக் குடியிருப்புகளில் உள்ள ஒவ்வொருவருக்கும் தமிழில் படித்துக் காட்டப்பட வேண்டியது.

வாச்சாத்தி

விலகிச் செல்லவும் வழியில்லாதபடி ஒரு கிராமம் சூழப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு, தர்மபுரி மாவட்டம் அரூருக்கு அருகே சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி சாட்சி. 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி, கடத்தப்பட்ட சந்தன மரத்தைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்த 269 பேர் அந்த மலையாளிப் பழங்குடிக் கிராமத்தினுள் புகுந்தார்கள். ஊரார் ஆலமரத்தடியில் திரட்டப்பட்டு அடிக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர், பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அப்படியொன்றும் நடக்கவே இல்லை என்று சாதித்தவர்கள் அதிகாரத்தில் இருந்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் விடாமல் போராடியதன் பயனாக 1995-ல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையின் கைக்குப் போயிற்று.

2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பு அளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்மானிக்கப்பட்டனர். அவர்களுள் 17 பேர் மீது வன்கொடுமைக் குற்றமும் நிரூபணமாயிற்று. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன், 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தாமே வாச்சாத்திக்குச் சென்று, அந்த இடங்களைக் கண்ணால் கண்டு, ஜனங்களின் வார்த்தையைக் காதால் கேட்டுத் திரும்பினார். அவ்வாண்டின் செப்டம்பர் 29-ஆம் தேதி, கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பை அவர் உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அப்போது மாவட்டத்தின் உயர் பதவிகளில் இருந்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து வந்த இந்த நியாயம் தாமதமான நியாயந்தான். எனினும் அது வந்த முறையை நாம் சிந்திக்க வேண்டும். அந்தப் பெண்கள் தம் ஊரையும் பெயரையும் பொருட்படுத்தாமல் நீதிமன்றப் படியேறி உண்மையைச் சொன்னார்கள். சட்டத்தின் பிரதிநிதியாக ஒரு நீதிபதி அவர்களுடைய ஊருக்குச் சென்றார். உண்மை சொல்லப்பட்டது, கேட்கப்பட்டது, பதிவாயிற்று, பரிகாரம் விதிக்கப்பட்டது. சமாதானத்துக்கு அஸ்திவாரமாக வேண்டிய காரியங்கள் இவை.

பிற தேசங்களில்

நாட்டின் ஆதிக் குடிகளோடு சமாதானம் காண்பதற்கென்றே பொது விடுமுறை ஏற்படுத்திய தேசங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் தலைநகரப் பிரதேசம், தன் விடுமுறைப் பட்டியலிலிருந்து வேறொரு நாளை நீக்கிவிட்டு, 2018 மே 28 முதல் நல்லிணக்க நாளை அனுஷ்டித்து வருகிறது. அந்நாட்டில் ஆதிக் குடிகளைத் தேசத்தின் ஜனத்தொகையில் சேர்த்து எண்ணுவதற்கு 1967 மே 27-ஆம் தேதி நடந்த பொது வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆதரவளித்த சம்பவத்தை ஒட்டி, மே 27-ஆம் தேதியோ அதற்குப் பின் வரும் முதல் திங்கட்கிழமையோ அந்த விடுமுறை அமைகிறது. அந்நாளுக்கு முன்னே நெடிய வரலாறு உண்டு. பெற்றோரிடமிருந்து ஆதிக் குடிக் குழந்தைகளைப் பறித்துச் சென்ற கொடுமையைப் பற்றி 1997-ல் விசாரணை அறிக்கை வெளியாயிற்று. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிட்னித் துறைமுகப் பாலத்தின் மேல் லட்சக்கணக்கானோர் நல்லிணக்கம் வேண்டி நடந்தார்கள். 2008 பிப்ரவரி 13-ஆம் தேதி பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கோரினார்.

கனடாவில், ஆதிக் குடிகளின் குழந்தைகள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் குடும்பத்தையும் மொழியையும் இழந்து உறைவிடப் பள்ளிகளில் வளர்க்கப்பட்டனர். அதனை விசாரித்த ஆணைக்குழு 2015-ல் வெளியிட்ட 94 பரிந்துரைகளுள் எண்பதாவது, இதற்கென ஒரு விடுமுறை நாள் வேண்டும் என்பது. 2021 முதல் செப்டம்பர் 30 அத்தகைய நாளாக மத்திய அரசால் அனுஷ்டிக்கப்படுகிறது. டொரொன்டோவிலும் சிட்னியிலும் நம் தமிழர் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அங்கே பொதுக் கூட்டங்களின் தொடக்கத்தில் அந்நிலத்தின் ஆதிக் குடிகளை நினைவுகூரும் வழக்கம் அவர்களுக்குப் பரிச்சயமானது. அந்நிய மண்ணில் நம்மவர் பணிவுடன் கற்றுக்கொண்டதைச் சொந்த மண்ணில் நாம் கற்றுக்கொள்ளக் கூடாதா?

விடுமுறையால் மட்டும் மனம் மாறிவிடும் என்ற பிரமை வேண்டாம். ஆதிக் குடிகளின் கருத்தைக் கேட்கும் அமைப்பு ஒன்றை அரசியல் சாசனத்தில் இடம்பெறச் செய்யும் யோசனையை, 2023 அக்டோபர் 14-ஆம் தேதி ஆஸ்திரேலிய மக்கள் பெரும்பான்மையாக நிராகரித்தார்கள். ஆறு மாநிலங்களும் மறுத்த அந்த வாக்கெடுப்பில், நல்லிணக்க நாளை விடுமுறையாக்கிய தலைநகரப் பிரதேசம் மட்டும் ஆதரவாக நின்றது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று வாதிப்பதற்கில்லை. நியாய புத்தி நிலைத்த இடத்தில் இரண்டும் சேர்ந்து விளைகின்றன என்று கொள்ளலாம்.

இரண்டு ஆட்சேபங்கள்

இந்தியாவில் அனைவரும் இம்மண்ணின் மக்களே. இங்கே ஆதிக் குடி, பிற குடி என்று பிரிப்பது பொருந்தாது என்று சொல்வோர் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2007-ல் ஆதிக் குடிகளின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது அதற்கு ஆதரவாக வாக்களித்த நம் தேசமும், இந்த அபிப்பிராயத்தையே தெரிவித்தது. இதை மறுத்து வாதிட வேண்டிய அவசியம் நமக்கில்லை. கப்பலேறி வந்தவர்களின் வம்சம் நாமல்ல என்பது உண்மையே. ஆனால் யார் முதலில் வந்தார் என்பதல்ல இங்கே கேள்வி. யார் காட்டை விட்டுத் துரத்தப்பட்டார், யார் உத்தரவினால் துரத்தப்பட்டார் என்பதே கேள்வி. அதற்கு 2006-ஆம் ஆண்டின் சட்டமே பதில் சொல்லிவிட்டது.

இரண்டாவது ஆட்சேபம் அச்சங்குளம் போன்ற ஊர்களிலிருந்து எழும். அது மதிப்புடன் கேட்கத் தக்கது. அரசு அலுவலருக்கு விடுமுறை ஓய்வாகும். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அது அடுப்பெரியாத நாளாகிவிடும். நாம் கீழே முன்மொழியும் நாள் வரும் செப்டம்பர் கடைசி, தீபாவளிக்கு முந்திய பருவம்; பட்டாசு ஆலைகளில் வேலை உச்சத்தில் இருக்கும் காலம். ஓர் எளியவரின் துயரை நினைப்பதற்காக மற்றோர் எளியவரின் கூலியைப் பறிப்பது தர்மமாகாது. ஆனால் இதற்கு மார்க்கம் ஏற்கெனவே இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம், குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நான்கு நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறைகளாகத் தொழிலாளிக்கு வழங்குகிறது. புதிய நாளையும் அந்த வரிசையில் சேர்த்து, பீஸ் கூலிக்காரருக்கும் அன்றைய ஊதியம் கிடைப்பதை உறுதி செய்தாலன்றி, இந்த விடுமுறையை அறிவிக்கவே கூடாது. மலைக்குச் செய்யும் பிராயச்சித்தத்தின் செலவைக் கரிசல்காட்டுக் கூலிக்காரர் தலையில் ஏற்றலாகாது.

செப்டம்பர் 29

நாள் எது? ஆகஸ்ட் 9 உலக ஆதிக் குடிகளின் நாள். நவம்பர் 15 பிர்சா முண்டாவின் பிறந்த நாள், 2021 முதல் தேசம் முழுவதிலும் பழங்குடியினர் பெருமை நாளாகப் போற்றப்படுவது. இரண்டும் போற்றத் தக்கவையே. ஆயினும் பெருமை பேசும் நாளும் பிழையை ஒப்புக்கொள்ளும் நாளும் ஒன்றல்ல. வாச்சாத்தி வழக்கில் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் இரு முறை நீதி பேசிய செப்டம்பர் 29, தமிழ்நாட்டுக்கே உரியது. இங்கே இழைக்கப்பட்ட தீமையையும், இங்கே கிடைத்த நியாயத்தையும் ஒருசேர நினைவூட்டுவது. தைப்பூசத்தைப் பொது விடுமுறையாக்கிக் கோடிக்கணக்கானோரின் பக்திக்கு மதிப்பளித்த ராஜாங்கம், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 7,94,697 பேராக, ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒருவராக இருக்கும் பழங்குடி மக்களுக்காகவும் ஒரு நாளை ஒதுக்குவதற்கு, எண்ணிக்கை தடையாகக் கூடாது. வாக்கு எண்ணிக்கையில் சிறியவர்களுக்குச் செய்யும் நீதிதான் கலப்பற்ற நீதி.

அன்று நடைபெற வேண்டிய காரியங்கள் சில உண்டு. மாவட்ட ஆட்சியரும் வன அதிகாரியும் வருவாய்த்துறையினரும் தத்தம் மாவட்டத்து மலைக் குடியிருப்புகளுக்குத் தாமே சென்று, கிராம சபையில் தரையில் அமர்ந்து, நிலுவையிலுள்ள வன உரிமை மனு ஒவ்வொன்றின் கதியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓராண்டில் வழங்கப்பட்ட பட்டாக்களின் கணக்கையும் மறுக்கப்பட்டவற்றின் காரணத்தையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். காலாண்டுத் தேர்வை ஒட்டிய பருவமாதலால், பள்ளிகளில் அதற்கு முந்திய வாரத்தில், வாச்சாத்தியின் உண்மை வயதுக்கேற்ற முறையிலும், அந்தந்த மாவட்டத்துப் பழங்குடியினரின் வாழ்க்கை அவர்களே வந்து சொல்லும் முறையிலும் கற்பிக்கப்பட வேண்டும். விழா மேடையில் ஆடிப் பாட அவர்களை அழைத்துவந்து கைதட்டி அனுப்பிவிடும் வழக்கம் அந்நாளில் இடம்பெறலாகாது. அவர்கள் பேச விரும்பினால் கேட்க வேண்டும். பேச விரும்பாவிட்டால் அந்த மௌனத்தையும் மதிக்க வேண்டும்.

மன்னிப்பது அவர்களுடைய சுதந்திரம். அதை நாம் கோரிப் பெற முடியாது, தேதி குறித்து எதிர்பார்க்கவும் முடியாது. உண்மையைச் சொல்வதும், பறித்ததைத் திருப்பித் தருவதும், தேடிச் செல்வதும் நம்முடைய கடமை. அந்தக் கடமையை ஆண்டுக்கு ஒருமுறையாவது தவறாமல் நினைவூட்டும் நாளொன்றை, அவர்கள் கேட்கும் வரை காத்திராமல், தமிழ்நாட்டு அரசு தானே முன்வந்து அறிவிக்க வேண்டும்.